தொடை இடுக்கில் வருவதெல்லாம் படர்தாமரை அல்ல

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது. இரண்டு வருடமாகத் தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் படை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இப்போது பார்த்த தோல் டாக்டர், "இது படர்தாமரை இல்லை, சொரியாசிஸ்" என்கிறார். செதிலே உதிராமல் சொரியாசிஸ் வருமா, அவர் சொல்வதை நம்பலாமா, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா, மகளான எனக்கும் வருமா?

வரும். செதில் இல்லாமலும் சொரியாசிஸ் வரும். முழங்கை, முழங்கால், முதுகு என்று வெளிப்பக்கமாக வருகிற வழக்கமான சொரியாசிஸுக்கு நேர்மாறாக, உடம்பின் மடிப்புகளுக்குள் வருவதால் இதை இன்வர்ஸ் சொரியாசிஸ் என்பார்கள். அக்குள், மார்பகத்துக்கு அடி, தொப்புள், அடிவயிற்று மடிப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டப் பிளவு ஆகியவைதான் இதன் இடங்கள்.

செதில் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நம் தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே ஏறி வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தேவையில்லாமல் கிளம்பி, இன்டர்லூகின் 17, 23 போன்ற தூதுப் பொருட்களைத் தொடர்ந்து சுரப்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். பக்குவப்படாத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து காய்ந்தால் வெள்ளைச் செதில். ஆனால் காய்வதற்குக் காற்று வேண்டுமே! தொடை இடுக்கில் வியர்வையும் உரசலும்தான் உண்டு. குவிகிற செதில் அங்கேயே ஊறி, நடக்கிற நடையில் தேய்ந்து போய்விடும். கடைசியில் கண்ணுக்குத் தெரிவது செதில் போன அடித்தளம் மட்டும்: வழவழப்பாக, கொஞ்சம் பளபளப்பாக, சில நேரம் கசிவோடு.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் மடிப்புகள் பாதிக்கப்பட்டவர்கள் 3 சதவீதம் என்ற கணக்கும் உண்டு, 36 சதவீதம் என்ற கணக்கும் உண்டு. வேறெங்கும் இல்லாமல் மடிப்பில் மட்டும் வருகிறவர்களை எண்ணினால் சிறிய எண் வரும். மற்ற இடங்களோடு மடிப்பிலும் இருப்பவர்களைச் சேர்த்தால் பெரிய எண். இதுபோக, டாக்டர் கேட்காவிட்டால் நோயாளி சொல்வதில்லை, கேட்டாலும் புடவையைத் தளர்த்திக் காட்டுவதில்லை. அதனால் உண்மையான எண்ணிக்கை பெரிய எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

பாடப் புத்தகங்கள் இந்தப் படையை இளஞ்சிவப்பு என்று எழுதியிருக்கும். அது வெள்ளைக்காரர்களின் தோலைப் பார்த்து எழுதியது. நம் ஊர்த் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ இருக்கும்; பழசாகிவிட்டால் வெறும் கருமைதான். "சிவப்பே இல்லையே, அப்புறம் எப்படிச் சொரியாசிஸ்?" என்று இணையத்தில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பதுண்டு. நிறத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். பேனாவால் கோடு போட்டு வைத்ததுபோல் படை ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஓரமும் நடுவும் ஒரே மாதிரி இருக்கும். மடிப்பின் ஆழத்தில், முக்கியமாகப் பிட்டப் பிளவில், தோல் மெல்லிய கீறலாக வெடித்திருக்கும். அரிப்பு உண்டு. ஆனால் பலர் முதலில் சொல்வது எரிச்சலையும், நடக்கும்போது உரசி வலிப்பதையும்தான்.

படர்தாமரை அப்படி இருக்காது. அந்தப் பூஞ்சை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். அதனால் ஓரம் மேடாக, பொடிச் செதிலோடு, சிறு பருக்களோடு சுறுசுறுப்பாக இருக்க, நடுப்பகுதி ஆறிக்கொண்டே வரும். ஆண்களுக்கு இன்னொரு துப்பு உண்டு: படர்தாமரை தொடை முழுக்கப் பரவினாலும் விதைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடும், சொரியாசிஸ் விடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருகிற கேண்டிடா பூஞ்சை வேறு ரகம். படை ஈரமாக, மேலே வெண்மையான மாவுப் படலத்தோடு இருக்கும். விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் சிதறியிருக்கும். எரித்ராஸ்மா என்று ஒரு பாக்டீரியாத் தொற்றும் அதே இடத்தில் பழுப்பாக வரும். இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டினால் பவளச் சிவப்பாக ஒளிரும். அந்த நிறத்தைக் கொடுக்கும் பொருள் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், காலையில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் விளக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். டியோடரன்ட், முடி நீக்கும் கிரீம் ஒவ்வாமையும் இருக்கிறது. எந்த மருந்துக்கும் மசியாமல், ஒரே பக்கமாக, மாதக்கணக்கில் நிற்கிற படையென்றால் பேஜட் போன்ற புற்றுநோய் வகையையும் நினைக்க வேண்டும். அப்போது சின்னத் துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

இப்படி வரிசையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் இந்த அடையாளங்கள் எல்லாம் ஏற்கெனவே அழிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். காரணம், அந்த மெடிக்கல் ஆயின்மென்ட்.

ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபின் என்று ஒன்று இருந்தால் அது பூஞ்சைக்கு. நியோமைசின், ஜென்டாமைசின், ஆஃப்லாக்சசின் என்று இருந்தால் பாக்டீரியாவுக்கு. எது நோயாக இருந்தாலும் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளட்டும் என்கிற கணக்கில் கலந்தது. நாலு நாளில் அடக்குவது இதில் ஸ்டீராய்டு மட்டும்தான். அழற்சி எதனால் வந்தாலும் அது அடக்கும். உள்ளே பூஞ்சை இருந்தால், அரிப்பு நின்றுபோன நிம்மதியில் நீங்கள் இருக்க, பூஞ்சை ஓசையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். வட்டம் கலைந்து, எந்த நோய் என்றே அடையாளம் தெரியாத படையாக மாறும். உள்ளே சொரியாசிஸ் இருந்தால், போடும் வரை பதுங்கியிருந்து, நிறுத்தியதும் முன்பைவிடச் சீறிக்கொண்டு வரும். ஆக, "ஆயின்மென்ட் போட்டால் அடங்குகிறது, அதனால் இது படர்தாமரைதான்" என்று இரண்டு வருடம் நம்பியது தப்புக் கணக்கு. அடங்குவதை வைத்து இதுவா அதுவா என்று சொல்லவே முடியாது.

இந்த மடிப்புத் தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மருந்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் பூசி அளந்து பார்த்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சியதைப்போல அக்குள் சுமார் மூன்றரை மடங்கும், விதைப்பைத் தோல் 42 மடங்கும் உறிஞ்சியது. உள்ளங்காலுக்குப் போடவேண்டிய வீரியத்தைக் கொண்டுபோய் இடுக்கில் பூசினால் என்ன ஆகும்? தோல் காகிதம்போல் மெலியும், ரத்தக்குழாய்கள் தெரியும், தொடையின் உள்பக்கம் பிரசவத் தழும்புபோல் கோடு கோடாக வரி விழும். அந்த வரி பிறகு மங்கும், மறையாது.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கலவை மருந்துகளில் இந்த வகைக் கலவைகளும் சில இருந்தன. தோல் டாக்டர்களின் அகில இந்திய சங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. கடையில் போய் "படைக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்றால் இன்றைக்கும் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவில் டெர்பினாஃபினுக்கே கட்டுப்படாத படர்தாமரை பெருகியதில் இந்தக் கலவைகளுக்குப் பங்கு உண்டு என்றுதான் பல நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: ட்ரைகோஃபைட்டான் இன்டோட்டினியே. பெருமைப்பட ஒன்றுமில்லை.

டாக்டரை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பதைப் பொறுத்தது அது. இடுக்கை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அனுபவமுள்ளவர்கள் இடுக்கைப் பார்த்தபின் மற்ற இடங்களைத் தேடுவார்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, நெற்றியில் முடி தொடங்கும் கோட்டைத் தாண்டிச் செதில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொடுகு என்று நினைத்து வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்தது அங்கே அகப்படும். காதுக்குப் பின்னால், காதுத் துளைக்குள், தொப்புளுக்குள் பார்ப்பார்கள். பாவாடை நாடா இறுக்கிக் கட்டும் இடுப்புக் கோட்டையும் பார்க்க வேண்டும். தோல் அழுந்துகிற, உரசுகிற இடத்தில் சொரியாசிஸ் புதிதாக முளைக்கும் குணத்தைக் கோப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். நாடாத் தழும்பு என்று விட்டுவிடுகிற கருமையில் சில நேரம் அதுதான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நகம். அம்மாவின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகங்களைச் சாய்த்துப் பாருங்கள். ஊசி முனையால் குத்தியதுபோலக் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கின்றனவா? நகத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் கலந்த ஒரு புள்ளி? நக நுனி சதையை விட்டுக் கழன்று நிற்கிறதா? ஒன்றிரண்டு குழி யாருக்கும் இருக்கலாம். பல விரல்களில், நகத்துக்குப் பல குழிகள் என்றால் அது சாட்சி. பூஞ்சையும் நகத்தைக் கெடுக்கும், ஆனால் இப்படிக் குழி குழியாகக் கெடுக்காது.

அதோடு ஒரு சுரண்டல் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மழுங்கின பிளேடால் படையின் ஓரத்தைச் சுரண்டி, உதிர்வதைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார்கள். கரைசல் தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சை கரையாது. மைக்ரோஸ்கோப்பில் கிளை விட்ட நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. லேப் கட்டணமும் குறைவு, அன்றைக்கே முடிவும் தெரிந்துவிடும். ஆனால் முந்தின இரவு வரை பூஞ்சைக் களிம்பு பூசிவிட்டுப் போனால், பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகும். குறைந்தது இரண்டு வாரமாவது எந்த மருந்தும் பூசாமல் இருந்து, பிறகு சுரண்டுவது நல்லது. அந்த இரண்டு வாரம் அம்மாவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். படை சீறும், அரிப்பு தூங்க விடாது. வெறும் வாஸ்லினை மெலிதாகத் தடவிக்கொண்டு, இரவில் அரிப்பு மாத்திரை ஒன்று டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சமாளிக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், மூன்றாம் நாள் அந்த ட்யூப் மறுபடியும் வெளியே வரும்.

பரிசோதனையில் கேண்டிடா தெரிந்தாலும், உடனே "பார்த்தாயா, டாக்டர் சொன்னது தப்பு" என்று முடிவுகட்டாதீர்கள். சொரியாசிஸ் படையின் மேல் கேண்டிடா குடியேறுவது உண்டு, சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபமாக. அப்போது இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்தால்தான் ஆறும்.

இந்தக் குழப்பம் நம் காலத்தில் தொடங்கியதல்ல என்பதற்கு ஒரு பழைய கதை. படர்தாமரைக்குப் பூச கோவா பவுடர் என்று ஒன்று அந்த நாளில் பிரபலம். பிரேசில் நாட்டு மரம் ஒன்றிலிருந்து எடுத்தது, போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. 1870-களில் லண்டனில் பால்மனோ ஸ்கொயர் என்ற தோல் டாக்டரின் நோயாளி ஒருவர், தனக்கு வந்தது படர்தாமரை என்று நினைத்து அந்தப் பவுடரைப் பூசினார். உண்மையில் அவருக்கு இருந்தது சொரியாசிஸ். அது குறைந்தது! அந்தத் தற்செயலிலிருந்து வளர்ந்ததுதான் பின்னால் வந்த டித்ரனால் என்ற சொரியாசிஸ் மருந்து. ஆனால் அந்த டித்ரனாலை மடிப்புகளில் பூசக்கூடாது, தோல் வெந்துவிடும். தார் கலந்த களிம்புக்கும், செதில் நீக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கும் இதே விதிதான். முழங்கை சொரியாசிஸுக்குக் கொடுத்த மருந்தை, ஒரே நோய்தானே என்று இடுக்கில் பூசுகிறவர்கள் பலர். சீமை அகத்தி இலைச் சாறு, எலுமிச்சை, பூண்டு, டெட்டால் எதுவும் அங்கே வேண்டாம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்கிற சொரியாசிஸுக்குச் சொல்கிற வெட்பாலைத் தைலத்தைத் தலைக்கும் கைகாலுக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அதைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. மடிப்பில் எண்ணெய் தேங்கி ஊறுமே என்பதுதான் என் கவலை. பெயரும் சேர்மானமும் எழுதாத டப்பாவில் வருகிற "மூலிகைக் களிம்பு" மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு நாளில் அது அதிசயம் காட்டினால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை மடிப்புத் தோலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. மெல்லிய தோல் என்பதால் குறைந்த வீரிய மருந்தே கேட்கும். ஹைட்ரோகார்ட்டிசோன், டெசோனைடு போன்ற மிதமான ஸ்டீராய்டை இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம் பூசி அடக்கிவிட்டு, பிறகு ஸ்டீராய்டு அல்லாத மருந்துக்கு மாறுவது வழக்கம். பெரும்பாலும் டாக்ரோலிமஸ் களிம்புதான் கொடுப்பார்கள். தோலை மெலிய வைக்காது, வரி விழாது. ஆனால் பூசின முதல் சில நாட்கள் மிளகாய் பட்டதுபோல் எரியும். இது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குளித்தவுடன் ஈரத்தோடு பூசாமல், நன்றாக உலர்ந்தபின் பூசினால் எரிச்சல் குறையும்; ஒரு வாரத்துக்குள் பழகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை இருப்பதைப் படித்துப் பயப்படுவீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் போடச்சொன்ன எச்சரிக்கை அது. அதற்குப் பிறகான நீண்டகாலக் கண்காணிப்பில், களிம்பால்தான் புற்றுநோய் வந்தது என்று நிறுவப்படவில்லை. தோல் டாக்டர்கள் இன்றும் தயங்காமல் எழுதுகிறார்கள். வைட்டமின் டி வகைக் களிம்புகளில் கால்சிட்ரியால் மடிப்பில் ஓரளவு தாங்கும், கால்சிபோட்ரியால் சிலருக்கு எரியும். ரோஃப்ளுமிலாஸ்ட் கிரீமுக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோது மடிப்புப் பகுதிகளையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். இந்த இடத்துக்கும் சேர்த்து யோசித்து வந்த மருந்து என்ற வகையில் வரவேற்க வேண்டியது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அம்மாவின் இரண்டு இடுக்குக்கும் ஒரு வேளைக்கு அதற்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது.

களிம்பில் அடங்காவிட்டால் மாத்திரை, ஊசி. புற ஊதா ஒளிச் சிகிச்சை மற்ற சொரியாசிஸுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் மடிப்புக்குள் ஒளி எட்டாது. மெத்தோட்ரெக்சேட் எழுதினால் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நினைவில் வையுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிப் போனவர்கள் உண்டு. கிழமையைக் காலண்டரில் எழுதி, மாத்திரை அட்டையைத் தனியாக, உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஈரல் பரிசோதனை பார்க்காமல் ஆரம்பிக்கக்கூடாது. செக்யூகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் கடுமையான சொரியாசிஸுக்கு அருமையாக வேலை செய்கின்றன. காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இந்த வகை ஊசி கேண்டிடாவைக் கொஞ்சம் கிளப்பிவிடும் என்பதையும் சர்க்கரையுள்ள அம்மாவுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். "ஒரே ஒரு ஊசி போட்டால் போதும், ஆறு வாரம் வராது" என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை எகிறும், மருந்தின் வேகம் இறங்கும்போது சொரியாசிஸ் உடம்பு முழுக்கச் சிவந்தோ, சீழ்க் கொப்புளங்களாகவோ வெடித்துக் கிளம்பலாம். காய்ச்சலோடு அப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைத் தோல் டாக்டரிடம் காட்டினீர்களா? ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் இருந்தால், சிலருக்கு அது சொரியாசிஸைத் தூண்டும், இருப்பதை அதிகப்படுத்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடிகிற மாத்திரை இருந்தால் அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், அதனால் பிறப்புறுப்புப் பகுதியில் கேண்டிடா வரும். அம்மாவின் அரிப்பில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம்.

காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கின்றனவா, குதிகால் வலிக்கிறதா, ஒரு விரல் மட்டும் முழுவதுமாக வீங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தலை, நகம், பிட்டப் பிளவு ஆகிய இடங்களில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயசுக்கான மூட்டுவலி என்று விட்டுவிட்டால் மூட்டு திரும்ப முடியாதபடி கெட்டுவிடும். ரத்தப் பரிசோதனைகளில் எச்ஐவியும் சேர்த்து எழுதியிருந்தால் கோபப்பட வேண்டாம். அந்தத் தொற்று உள்ளவர்களுக்குச் சொரியாசிஸ் கடுமையாகவும், மடிப்புகளிலும் வரும் என்பதால் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

தினசரியில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். பருத்தி உள்ளாடை, இறுக்கமில்லாத நாடா, குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, மார்புக்கு அடியில் மெல்லிய பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொள்வது. எடை அதிகமிருந்தால் குறைப்பது உண்மையிலேயே உதவும். மடிப்பும் குறையும், அழற்சியும் குறையும்.

ஒட்டுமா என்றால், ஒட்டவே ஒட்டாது. தொட்டாலும், ஒரே சோப்பைப் போட்டாலும், தாம்பத்தியத்திலும் பரவாது. படர்தாமரை என்று நினைத்து அம்மாவின் துணிகளைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தால், சுரண்டல் பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று தெரிந்த அன்றே அதை நிறுத்திவிடலாம். பூஞ்சை என்று வந்தால் மட்டும் துணி தனியாகத்தான், வீட்டில் படை உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம்தான்.

உங்களுக்கு வருமா? மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் நேராகக் கைமாறும் சொத்து அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இருவருக்கும் இருந்தால் வாய்ப்பு கூடும். முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம் என்று மரபணுச் சோதனை விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் தேடுகிற எச்எல்ஏ என்ற மரபணு வகை இருந்தும் வாழ்நாள் முழுக்கச் சொரியாசிஸ் வராதவர்கள்தான் அதிகம்.